மீண்டும் ஒரு நகரம் கட்டலாமா?

பச்சை என்றால் குடியிருப்பு, நீலம் என்றால் கடைகள், மஞ்சள் என்றால் தொழிற்சாலை. பள்ளி நாள்களில் ‘சிம்சிட்டி’ விளையாடியவர்களுக்கு இந்த மூன்று வண்ணங்கள் மறந்திருக்காது. சாலை போட்டு, மின்சாரம் இழுத்து, மக்கள் குடியேறுவார்களா என்று கணினி முன் காத்திருந்த அந்தத் தலைமுறைக்கு இப்போது அலுவலகம், பிள்ளைகள், வீட்டுக் கடன். இரவில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் ஒரு நகரம் கட்டலாமா என்று தோன்றினால், எதை வாங்குவது?

‘சிம்சிட்டி 4’ வந்தது 2003ல். பத்தாண்டு கழித்து வந்த அடுத்த ‘சிம்சிட்டி’ இணையத் தொடர்பு இன்றி இயங்காது என்ற நிபந்தனையோடு வந்தது. முதல் நாள்களில் சர்வர்கள் திணற, காசு கொடுத்த பலரால் உள்ளே நுழையவே முடியவில்லை. நகரத்துக்குக் கிடைத்த நிலமும் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சதுரம்தான். 2015 மார்ச்சில் அதை உருவாக்கிய மேக்சிஸின் எமரிவில் அலுவலகம் மூடப்பட்டது. அதே மாதம் ஃபின்லாந்தின் கலோசல் ஆர்டர் நிறுவனம் உருவாக்கிய ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ விளையாட்டு வெளிவந்தது. பழைய ரசிகர்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள்.

அதன் இரண்டாம் பாகம் 2023 அக்டோபரில் வந்தது. புதியதுதானே நல்லது என்று நேராக அதை வாங்க வேண்டாம் என்பேன். எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை என்று வெளியீட்டுக்கு முன்பே உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்ட விளையாட்டு அது. பிறகு திருத்தங்கள் வந்தாலும், தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத அலுவலக மடிக்கணினிக்கு அது பெரிய சுமை. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும்: கீழே கடை, மேலே வீடு என்ற கட்டடங்களுக்குத் தனி மண்டலம் இரண்டாம் பாகத்தில்தான் உண்டு. வீவக புளோக்குகளையும் கடைவீடுகளையும் பார்த்து வளர்ந்த நமக்கு, அது இல்லாத நகரம் கொஞ்சம் அந்நியமாகத்தான் தெரியும்.

பல ஆண்டுகள் கழித்து வருபவரைத் திணறடிப்பது போக்குவரத்து. ‘ஸ்கைலைன்ஸ்’ நகரத்தில் ஒவ்வொரு வாகனத்துக்கும் புறப்படும் இடமும் சேருமிடமும் உண்டு. எல்லா லாரிகளும் ஒரே சந்திப்பில் திரும்ப வேண்டியிருந்தால் குப்பை வண்டியும் சவ ஊர்தியும் சேர்ந்து நிற்கும். குப்பை குவியும், மக்கள் நோயுறுவார்கள், வீடுகள் காலியாகும். பழைய பழக்கத்தில் வரியைக் குறைத்துப் பயனில்லை. சாலையை அகலமாக்கினாலும் பல நேரம் நெரிசல் அடுத்த சந்திப்புக்கு நகரும், அவ்வளவுதான். ஜோகூர் பாலத்தில் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொழிற்சாலைக்குத் தனி வழி, குடியிருப்புக்குத் தனி வழி என்று பிரித்துவிட்டு, நெரிசல் மெல்லக் கரைவதைப் பார்ப்பதில்தான் இந்த விளையாட்டின் சுகமே இருக்கிறது.

முதல் பாகத்துக்குக் கூடுதல் தொகுப்புகள் ஏராளம். தள்ளுபடியைப் பார்த்து மொத்தமாக அள்ள வேண்டாம். சுரங்க ரயில் அடிப்படை விளையாட்டிலேயே இருக்கிறது. ஒரு மாதம் ஆடிய பிறகும் ஆசை குறையாவிட்டால், மோனோரயிலும் படகும் தரும் 2017ஆம் ஆண்டின் ‘மாஸ் டிரான்சிட்’ போதும்.

முடிவே இல்லாத விளையாட்டு உறக்கத்தைத் தின்றுவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு ‘அகெய்ன்ஸ்ட் தி ஸ்டார்ம்’ பொருந்தும். மழை ஓயாத காட்டில் ஒரு குடியிருப்பை அமைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு எழலாம். பிள்ளைகளோடு உட்கார ‘டவுன்ஸ்கேப்பர்’ நல்லது. பணம், இலக்கு எதுவும் கிடையாது. கடல்மேல் சொடுக்கினால் வண்ண வீடுகள் முளைக்கும்.

ஸ்டீம் தளத்தில் வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் கட்டும் சிற்றூர் எந்தக் கணினியிலும் ஓடும். திணறல் தொடங்குவது மக்கள்தொகை பெருகிய பிறகு. ஆகவே முதல் நாளே, மற்றவர்கள் கட்டி ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் இலவசமாகப் பகிர்ந்திருக்கும் பெரிய நகரம் ஒன்றைத் திறந்து, உங்கள் மடிக்கணினி தாங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.