புதுக் கிணற்றில் செந்நீர்

வெளியூரில் சம்பாதித்துச் சொந்த ஊரில் வீடு கட்டும் நம் சங்க அன்பர்கள் தொலைபேசியில் முதலில் கேட்பது, "போர் போட்டாச்சா? தண்ணீர் கிடைத்ததா?" என்பதுதான். கிடைத்தது என்றால் நிம்மதி. என்ன தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. ரயில்வேயில் முப்பது வருடத்துக்கு மேல் மண்ணோடும் பாறையோடும் பழகியவன் கேட்டிருக்க வேண்டும்.

பனச்சமூடு, நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லையோரக் கிராமம். சற்று நடந்தால் கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் மண் பிரியவில்லை. இரு பக்கமும் மேலே துருக்கல், மலையாளத்தில் வெட்டுக்கல். பெயரிலேயே துரு இருக்கிறது பாருங்கள்! அதற்குக் கீழே கெட்டிப் பாறை.

2023 ஏப்ரலில் 240 அடி போட்டோம். முதலில் வந்தது பால் போன்ற வெள்ளை நீர். அது துளை போட்டபோது அரைபட்ட பாறைத்தூள். இரண்டு மூன்று நாள் மோட்டாரை விட்டுவிட்டு ஓட்டினால் தெளிந்துவிடும், தெளிந்தது. ஒரு வாரத்தில் என் மனைவி வாளியைக் கொண்டுவந்து காட்டினாள். இரவு பிடித்து வைத்த தண்ணீர், காலையில் செங்காவி நிறம். மேலே எண்ணெய் போல ஒரு ஏடு. வேட்டியெல்லாம் மஞ்சள் கறை. தேநீர் கறுத்துப் போயிற்று.

எனக்கு வந்த கோபம் போர் போட்டவர் மேல். காப்புக் குழாயைப் பாறைக்குள் ஊன்றாமல் செம்மண்ணிலேயே நிறுத்திக் காசை மிச்சம் பிடித்துவிட்டார் என்று தீர்மானித்து, பாக்கிப் பணத்தை நிறுத்தி வைத்தேன். வேறு இடத்தில் இன்னொன்று போடலாம் என்று பேச்சும் நடந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் பணம் அனுப்பத் தயாராகிவிட்டான்.

அதைத் தடுத்தவர் அடுத்த வீட்டு அம்மாள். "சாரே, கொய்யா இலையைக் கசக்கிப் போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கருநீலமாயிற்று. இலையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் மைதான்; பழைய காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியது இந்தக் கணக்கில்தான்.

பிறகுதான் ஒழுங்காக யோசித்தேன். குழாயில் பிடித்த உடனே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. செம்மண் புகுந்திருந்தால் பிடிக்கும்போதே கலங்கியிருக்கும், மழைக்கு இன்னும் மோசமாகும். ஒரு பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி மூடினேன். ஒரு டம்ளரைத் திறந்து வைத்தேன். டம்ளர் சிவந்தது, பாட்டில் வெகுநேரம் தெளிவாகவே இருந்தது. காற்றுப் புகாத ஆழத்தில் இரும்பு நிறமில்லாமல் கரைந்து கிடக்கிறது. மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாகப் பிரிகிறது. போர்க்காரர் மேல் குற்றமில்லை. பக்கத்தில் இன்னொரு துளை போட்டிருந்தாலும் பெரும்பாலும் இதே நீர்தான் வந்திருக்கும்.

கேரள நீர் ஆணையத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். இரும்பு லிட்டருக்கு 3 மில்லிகிராமை ஒட்டி இருந்தது. 0.3-க்கு மேல் போனாலே துணியில் கறை ஏறும். நீர் புளிப்புத் தன்மை கொண்டதாகவும் இருந்தது. துருக்கல் பூமியில் இது சகஜம். ஆனால் இதுதான் முக்கியம். புளிப்பு நீரில் இரும்பு மெதுவாகத்தான் துருவாகும். காற்று மட்டும் பட்டால் போதாது.

ஆகவே இப்படிச் செய்தேன். மோட்டார்த் தண்ணீர் துளையிட்ட குழாய் வழியே பூவாளி போல, கடற்கரையிலிருந்து வாங்கிய சிப்பி ஓடுகள் மேல் விழும். சிப்பியின் சுண்ணாம்பு புளிப்பை முறிக்கும். அங்கிருந்து சிமெண்ட் உறைத் தொட்டிக்கு. ஓர் இரவு தங்கித் துரு அடியில் படியும். பிறகு மேலே ஆற்றுமணல், நடுவே மரக்கரி, அடியில் சல்லி வைத்த தொட்டி வழியே மெல்ல இறங்கும். இரண்டு கொத்தனார்கள், நாலு நாள் வேலை. இன்னொரு போர் போடும் செலவில் சிறு பங்குகூட ஆகவில்லை.

பலர் அவசரப்பட்டு நேரே ஆர்.ஓ. இயந்திரம் வாங்கி மாட்டுகிறார்கள். இரும்பு அதன் சவ்வை அடைத்துவிடும். காய்ச்சினால் போகும் என்பதும் தப்பு, நிறம்தான் கூடும். நெல்லிப் பலகையைக் கிணற்றடியில் போடுவது நம் பழைய வழக்கம். திறந்த கிணற்றுக்குச் சரி, நாலரை அங்குலத் துளைக்குள் எப்படி இறக்குவது? கிருமிச் சோதனை தனி; அதற்குப் பரிசோதனைக் கூடத்தார் தரும் சுத்தமான பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

ஜூன் மழை தொடங்கும் முன்பே தண்ணீர் தெளிந்துவிட்டது. போர் போட்டவரை வரவழைத்துப் பாக்கியைக் கொடுத்து, சந்தேகப்பட்டதையும் சொன்னேன். "பரவாயில்லை சார், எல்லா ஊரிலும் எங்களைத்தான் திட்டுவாங்க" என்று சிரித்தார். மணலின் மேல்பரப்பைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை சுரண்டிக் கழுவுகிறேன். வழித்தெடுக்கும் காவிச் சேற்றைத் தென்னை மூட்டில் கொட்டி வருகிறேன்.