பனி இரவில் பூவைக் காப்பது எப்படி?

தை மாத விடிகாலையில் பல்லாவரத்தில் பைக் சீட் நனைந்து கிடக்கும். அதே நேரம் ஊட்டி தலைகுந்தாவில் புல்வெளி உப்பைத் தூவியதுபோல் வெளுத்திருக்கும். ஏன்?

மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையும் இலையும் தம் வெப்பத்தை வானத்துக்கு இழக்கின்றன. பல்லாவரத்துக்குக் கடல் பக்கம். காற்றிலுள்ள நீராவி அந்த வெப்பத்தை எளிதில் தப்பவிடாது. ஊட்டியோ 2,200 மீட்டருக்கும் மேல். அங்கே குளிர்காலக் காற்று உலர்ந்தது. குளிர்ந்த காற்று கனமானதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பிளம்ஸ், பீச் கன்றைப் பள்ளத்தில் நடவே கூடாது. விரிந்த பூ மைனஸ் 2, 3 டிகிரியிலேயே கருகத் தொடங்கும்.

உறைபனிக்குத் தண்ணீர் தெளிப்பதா என்று பலர் வியக்கிறார்கள். 1 கிராம் நீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. நீர் தொடர்ந்து உறைந்துகொண்டே இருந்தால், கண்ணாடிபோன்ற பனி உறைக்குள் பூ 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். நடுவில் மோட்டாரை நிறுத்திவிட்டால், நீர் ஆவியாகி பூவை இன்னும் குளிரவைக்கும். அரைகுறையாகத் தெளிப்பதற்குத் தெளிக்காமலே இருக்கலாம். வெயில் ஏறிப் பனி உருகும்வரை விடக்கூடாது.

சின்ன மரமென்றால் சாக்குப் படுதா போதும். அது தரைவரை தொங்க வேண்டும். மண்ணின் சூடுதான் மரத்தைக் காக்கிறது. காலையில் எடுத்துவிடுங்கள்.

பல்லாவரம் கொல்லை மாமரத்துக்கு இதெல்லாம் வேண்டாம். அங்கே பூவைக் கெடுப்பது சாம்பல் நோய். பூங்கொத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால், லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் கலந்து, வெயில் ஏறுமுன் தெளிக்கலாம்.