கீரைப் பாத்தியும் ஒரு பாடம்தான்!

பாகூர் என்றாலே ஏரியும் நெல்வயலும்தான் நினைவுக்கு வரும். வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரி. இந்தப் பச்சையைப் பார்த்து வளர்ந்த நாம், பஸ் ஏறி டவுனுக்கு வந்ததும் மத்தியானம் என்ன சாப்பிடுகிறோம்? ஒரு பப்ஸ், ஒரு டீ. வீட்டில் அம்மா கீரை கடைந்தால், "வேணாம்மா!" என்கிறோம்.

இது வெறும் ருசி சமாச்சாரம் இல்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை. பையன்களில் 31 பேருக்கு. ஆக, யாரும் தப்பிக்க முடியாது! உடம்பெங்கும் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் உருவாக இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் வகுப்பில் சோர்வு, மைதானத்தில் மூச்சிரைப்பு, ஒர்க்‌ஷாப்பில் கைத்தளர்ச்சி.

பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் நம் புதுவைக்குப் பழைய பெருமை உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் 1930லேயே இங்கே பள்ளி மதிய உணவு தொடங்கியது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் அமைந்ததும் புதுவையில்தான். 2019இல் மத்திய அரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. மாணவர்களே காய்கறி வளர்க்க வேண்டும். அது மதிய உணவில் சேர வேண்டும். இடமில்லாத நகரப் பள்ளி என்றால் தொட்டியும் மொட்டைமாடியும் போதும்.

ஆனால் தோட்டம் போட்டால் மட்டும் போதாது. விளைந்தது தட்டுக்கு வரவேண்டும். அதிலும் விஷயம் இருக்கிறது. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு முழுசாக எடுத்துக்கொள்வதில்லை. கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது சேர்ந்தால், அதிலுள்ள வைட்டமின் 'சி' உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடுக்கும்!

பள்ளியோடு மதிய உணவு முடிந்துவிட்டது. பாலிடெக்னிக்கில் நமக்கு நாமே துணை. கை கழுவும் குழாயருகே சோப்பு கலக்காத தண்ணீரைத் திருப்பிவிட்டு நாலு பாத்தி கட்டலாம். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வரும். முருங்கைக்கு ஒரு போத்து நட்டால் போதும். பறிப்பதை கேன்டீன் பொரியலில் சேர்க்க நம் பேரவை கேட்கட்டும்.

ஒன்று மட்டும்: அடிக்கடி தலைசுற்றல், களைப்பு இருந்தால் கீரையை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

டிப்ளமோ கையில் வரும்போது, அதைப் பிடிக்கும் கையிலும் தெம்பு இருக்கட்டும்!