கோபம் ரத்தத்திலேயே ஊறியதா? ‘போர்வீரன் ஜீன்’ பற்றி அறிவியல் சொல்வது என்ன?

“அவன் அப்பனும் இப்படித்தான்... ரத்தத்துலயே ஊறினது!” கோபக்காரர்களைப் பற்றி இப்படிப் பேசுவதைக் கேட்டிருப்போம். உண்மையிலேயே வன்முறை பரம்பரையாக வருமா?

நெதர்லாந்தில் ஒரு குடும்பம்

1993-ல் ஹான் ப்ரன்னர் தலைமையிலான குழு, நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்தது. அந்தக் குடும்பத்து ஆண்கள் சிலர் திடீர் திடீரென வன்முறையில் இறங்கினர். தீ வைத்த சம்பவங்களும் உண்டு. அவர்களிடம் ‘எம்.ஏ.ஓ.ஏ’ என்ற மரபணு செயலிழந்திருந்தது.

இந்த மரபணுவின் வேலை என்ன?

மூளையில் செரோடோனின், டோபமைன் போன்ற ரசாயனங்களைச் சிதைக்கும் நொதியை உருவாக்குவதுதான் இதன் வேலை. இது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு இரண்டு எக்ஸ் என்பதால் ஒன்று பழுதானாலும் இன்னொன்று கைகொடுக்கும். ஆண்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

முழுதாகச் செயலிழப்பது மிக அரிது. ஆனால், மந்தமாக வேலை செய்யும் வகை ஏராளமான ஆண்களிடம் இருக்கிறது. அதற்குத்தான் ‘போர்வீரன் ஜீன்’ என்ற பட்டப்பெயர். அப்படியென்றால் அவர்கள் எல்லோரும் ரவுடிகளா? இல்லவே இல்லை.

வளர்ப்புதான் திருப்புமுனை

நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73-ல் பிறந்த 1,037 பேரின் வாழ்க்கையைச் சிறுவயதிலிருந்தே ஓர் ஆய்வு பின்தொடர்கிறது. அதில் உள்ள ஆண்களின் மரபணுவை காஸ்பி, மாஃபிட் குழு 2002-ல் ஆராய்ந்தது. மந்தமான ஜீன் இருந்தும் நல்லபடியாக வளர்ந்தவர்களிடம் வன்முறை அதிகமாக இல்லை. அதே ஜீனோடு சிறுவயதில் கொடுமையும் அனுபவித்தவர்கள்தான் குற்றங்களில் அதிகம் சிக்கினர். பிறகு வந்த ஆய்வுகளில் சில இதை உறுதிசெய்தன, சில உறுதிசெய்யவில்லை.

கோர்ட்டுக்குப் போன ஜீன்

2009-ல் இத்தாலியின் திரியெஸ்தே நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த மரபணுவையும் கருத்தில் கொண்டு ஒரு கொலைக் குற்றவாளியின் தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. விஞ்ஞானிகள் பலர் இதை ஏற்கவில்லை. ஜீன் டெஸ்ட்டை வைத்து ஒரு தனிமனிதர் என்ன செய்வார் என்று சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ‘பிறவியிலேயே இப்படி’ என்று இன்று தண்டனையைக் குறைத்தால், ‘இவன் திருந்தவே மாட்டான்’ என்று நாளை கூட்டவும் அதே ஜீனைக் காட்டலாம்.

பிறக்கும்போது வரும் ஜீனை நாம் தேர்வுசெய்ய முடியாது. ஆனால், ஒரு குழந்தை அடி, உதைக்குப் பயப்படாமல் வளர்வது பெரியவர்கள் கையில்தான் இருக்கிறது.