பலகையில் உள்ள பட்டம் பதிவேட்டில் இருக்கிறதா?

லயத்துச் சுவர் மெல்லியது. ஒரு வீட்டில் அழுதால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். அதனால்தான் மகள் ராத்திரி முழுக்க விழித்திருந்தாலும், வீட்டுக்காரர் பெரட்டுக்குப் போகாமல் சுருண்டு கிடந்தாலும், தோட்டத்து டிஸ்பென்சரியில் வாய் திறக்கத் தயங்குகிறோம். யாருக்கும் தெரியாமல் காட்டிவிட்டு வரலாம் என்று ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ பஸ் ஏறுகிறோம். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மனக்கஷ்டத்துக்கு ஆலோசனை தருவதாகப் பலகை மாட்டியவர்கள் எல்லாரும் சட்டப்படி பதிவு பெற்றவர்கள் அல்லர் என்பதைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள்.

உளநல வைத்தியர் முதலில் ஒரு டாக்டர். அதற்கு மேல் மனநோய் மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதித் தருவார். சிகிச்சை உளவியலாளர் மாத்திரை தருவதில்லை. பேசியும் சோதனைகள் செய்தும் குணப்படுத்துவது அவர் வேலை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இதற்கென எம்.பில். பட்டம் இருக்கிறது. இந்த இரு தரப்பாருக்கும் பதிவு உண்டு. பதிவேடு இலங்கை மருத்துவ சபையிடம் இருக்கிறது. உளவளத்துணையாளர், அதாவது நாம் ‘கவுன்சலர்’ என்று சொல்கிறவர், விஷயம் வேறு. நல்ல சங்கங்கள் உண்டு, ஆனால் சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம். பல வருடம் படித்துப் பயிற்சி பெற்றவரும், சில நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே பெயரில் கதவைத் திறந்து வைக்கலாம்.

இதில் பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை “இனி வேண்டாம், நிறுத்திவிடுங்கள்” என்று டாக்டர் அல்லாத ஒருவர் சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். மனநோய் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம்.

காசு கொடுக்குமுன் கேளுங்கள்: என்ன படித்தீர்கள், எங்கே படித்தீர்கள், பதிவு இலக்கம் என்ன, ஒரு தடவைக்கு எவ்வளவு, எத்தனை தடவை வர வேண்டும்? 2024 செப்டம்பரில் தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய் என நிர்ணயமானது. அவர் கேட்கும் தொகைக்கு எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பதில் வெட்கமில்லை. சொன்ன இலக்கம் சரியா என்று மருத்துவ சபையிடம் விசாரிக்கலாம். நேர்மையானவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் உளநலக் கிளினிக்கில் காசு வேண்டாம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கட்டணமில்லை. அங்கே நம்மவர்களை மறித்து நிற்பது பாஷைதான். டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரை, சில நேரம் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையையே, மொழிபெயர்க்கக் கூட்டிப்போகிறோம். புருசன் அடிப்பதைத் தாய் தன் பிள்ளையின் வாயால் எப்படிச் சொல்வாள்? சொல்லாமல் திரும்புகிறாள், வியாதி உள்ளேயே இருந்துவிடுகிறது. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி. அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெறும் உரிமையை 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் விரித்துரைக்கிறது. மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பொலிஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து தாமதிக்காதீர்கள். அது குற்றம் என்ற சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அந்த நினைப்பு வந்தவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

ஏமாந்துவிட்டால் ரசீது, மருந்துத் துண்டு, போனில் வந்த செய்தி எதையும் எறியாதீர்கள். பதிவு பெற்றவர் தவறு செய்தால் மருத்துவ சபைக்கு எழுத்தில் முறையிடலாம். பொய்த் தகுதி காட்டிப் பணம் வாங்கியிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கமும் பொலிஸும் இருக்கின்றன. தொடக்கூடாத இடத்தில் தொட்டால் அது சிகிச்சையே அல்ல, குற்றம். பெண்கள் 1938ஐயும், பிள்ளைகளுக்காக 1929ஐயும் அழைக்கலாம்.

இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சை உளவியலாளரைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் மற்ற உளவியலாளர்களையும் சேர்த்துக்கொண்டது. நமக்கு அந்த இரண்டாவது படி இன்னும் வேண்டும். தோட்டத்துக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோட்டும் வீடும் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்: உளவளத்துணையாளருக்குச் சட்டப்படியான பதிவேடு வேண்டும், நுவரெலியா மாவட்ட ஆஸ்பத்திரிகளில் தமிழ் பேசும் உளவியலாளர் வேண்டும்.