அடுப்படிக்குள் வரும் அயல் சீட்டு

திருவக்கரை வக்கிரகாளியம்மனைக் கும்பிட வருகிறவர்களில் சிலர் பக்கத்திலிருக்கும் கல்மரப் பூங்காவையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். என்றோ வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்த மரங்கள் அவை. மரச்சத்து போன இடத்தில் சிலிக்கா ஏறிக் கல்லாகிவிட்டன. வயது சுமார் 2 கோடி ஆண்டு. பாண்டிச்சேரிப் பக்கம் சுற்றிய சோன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் 18-ஆம் நூற்றாண்டிலேயே இவற்றைப் பற்றிக் குறித்துவைத்தார். பூங்காவைச் சுற்றிப் பார்ப்பவருக்கு ஒன்று தெரிய வாய்ப்பில்லை: இந்தக் கல்மரங்களைவிட மூத்த புதைபடிவங்கள் அவர் உடம்பிலேயே இருக்கின்றன. மனித மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 8 சதவீதம், பழைய ரெட்ரோவைரஸ்கள் விட்டுப்போன எச்சம். அவை எப்படி உள்ளே வந்தன, வந்தவற்றைத் தடுக்க நம் செல்கள் என்ன செய்தன என்று பார்க்க, ஓர் அடுப்படிக்குள் நுழைவோம்.

அடுப்படிதான் செல். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுத்து வந்த சமையல் குறிப்பு நோட்டு ஒன்று இருக்கிறது, அது டி.என்.ஏ. அதிலிருந்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் சமையல்காரர் செய்து வைப்பார். யார் எழுதிய சீட்டு என்று கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. வைரஸ் பிழைப்பது இந்த ஒரு பலவீனத்தை வைத்துத்தான். அதற்குச் சொந்த அடுப்பு இல்லை, பாத்திரம் இல்லை. இருப்பது ஒரு டப்பா, அதற்குள் ஒரு சீட்டு. டப்பா திறந்து சீட்டு வெளியே வந்துவிட்டால், சமையல்காரர் அதே மாதிரி டப்பாக்களையும் சீட்டுகளையும் நூற்றுக்கணக்கில் செய்து தள்ளுவார். ரெட்ரோவைரஸ் இன்னும் துணிச்சலானது. தன் சீட்டை நம் நோட்டிலேயே படியெடுத்துத் தைத்துவிடும். எச்.ஐ.வி. இந்த ரகம். அப்படித் தைத்தது விந்தணுவின் நோட்டிலோ கருமுட்டையின் நோட்டிலோ நடந்துவிட்டால், அந்தப் பக்கம் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் போகும். அந்த 8 சதவீதம் சேர்ந்தது இந்த வழியில்தான்.

பாலூட்டிகளின் அடுப்படியில் இதற்குக் காவல் உண்டு. முதலில் கூச்சல்: அயல் சீட்டைக் கண்ட செல், இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விட்டு அக்கம்பக்கத்து அடுப்படிகளை எச்சரிக்கும். அதைக் கேட்டதும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். பிகேஆர் என்ற புரதம் கேஸையே மூடிவிடும். வீட்டுச் சமையலும் நிற்கும், வந்தவன் சமையலும் நிற்கும். டெதரின், தயாரான டப்பாக்களை வாசலிலேயே கட்டிப்போடும். அப்போபெக்3ஜி செய்வது நல்ல குறும்பு. ஒரு வீட்டில் டப்பா தயாராகும்போதே அதற்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த வீட்டில் சீட்டைப் படியெடுக்கும் நேரத்தில் எழுத்துகளை மாற்றிவிடுகிறது. ‘உப்பு ஒரு சிட்டிகை’ என்பது ‘உப்பு ஒரு படி’ ஆனால் என்ன சமைக்க முடியும்? எச்.ஐ.வி. இதற்கென்றே விஃப் என்று ஒரு கையாளைக் கூட்டி வருகிறது. அவன் அப்போபெக்3ஜி மேல் ‘குப்பை’ என்று முத்திரை குத்திவிட, நம் வீட்டுக் குப்பைக்கூடையே அதை விழுங்கிவிடும்.

இனி டிரிம்5-ஆல்ஃபா. இது உள்ளே வந்த டப்பாவைச் சுற்றி வலைபோலப் பிடித்து, வேளை வருமுன்பே பிரித்துப் போட்டுவிடும். சீட்டு படியெடுக்கப்படாமலே வீணாகும். 2004-இல் பாஸ்டனில் ஸ்ட்ரெம்லாவும் சோட்ராஸ்கியும் சகாக்களும் இதைக் கண்டுபிடித்தது வட இந்தியாவில் திரியும் செம்முகக் குரங்கின் செல்களில். நம் ஊர்க் கோயில்களில் தேங்காய் மூடியைப் பறிக்கும் நாட்டுக்குரங்குக்கு அது நெருங்கிய சொந்தம். செம்முகக் குரங்கின் டிரிம்5 எச்.ஐ.வி.யை மடக்கிவிடுகிறது. மனிதனுடையதால் ஏறக்குறைய முடியவில்லை. 1986-இல் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகள் வேலூரில் பரிசோதிக்கப்பட்டு, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதல்முறையாகத் தெரியவந்தபோது, நம் செல்களில் இப்படி ஒரு காவல் தூங்கிக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? மனித டிரிம்5 புரதத்தில் 493 அமினோ அமிலங்கள். 332-ஆவது இடத்தில் நமக்கு ஆர்ஜினின். குரங்குக்கு அந்த இடத்தில் புரோலின். அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். மனிதப் புரதமும் எச்.ஐ.வி.யைத் தடுக்க ஆரம்பித்தது.

அப்படியானால் பரிணாமம் ஏன் அந்த ஒரு எழுத்தை நமக்குத் தரவில்லை? இதற்கு நோட்டு படியெடுக்கப்படும் விதத்தைப் பார்க்க வேண்டும். படியெடுக்கும்போது பிழை வரும். ‘தேக்கரண்டி’ என்பதை ‘டீஸ்பூன்’ என்று எழுதினால் ருசி மாறாது. ‘கரண்டி’ என்று எழுதினால் மாறிவிடும். பெரும்பாலான மரபணுக்களில் ருசியை மாற்றும் பிழைகள் கழித்துக்கட்டப்படும், மாற்றாதவை தங்கும். காவல் மரபணுக்களில் பல இடங்களில் இது தலைகீழ்: ருசியை மாற்றும் பிழைகளே அதிகம் தங்கியிருக்கின்றன. வைரஸ் டப்பாவின் வடிவத்தை மாற்ற, பிடிக்கும் கையும் மாறியாக வேண்டியிருந்தது. மும்பை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்துவிட்டு சியாட்டில் போன ஹர்மீத் சிங் மாலிக்கும் அவர் குழுவினரும் 2005-இல் குரங்கினங்களின் டிரிம்5 மரபணுக்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, இந்த மாற்றங்கள் 13 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சின்னத் திட்டில் குவிந்திருந்தன. டப்பாவைத் தொடும் விரல்நுனி அதுதான். அப்போபெக்3 குடும்பம் வேறு வழியில் போனது: எலிக்கு ஒரே மரபணு, மனிதனுக்கு அதே குடும்பத்தில் 7. ஒரு பக்கத்தைப் பலமுறை படியெடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்திக்கொண்ட கதை.

மனிதக் குரங்குக் கிளையும் செம்முகக் குரங்கின் கிளையும் பிரிந்து 2.5 முதல் 3 கோடி ஆண்டு ஆகிறது. திருவக்கரைக் கல்மரங்கள் இலையோடு நின்ற நாளிலேயே இரண்டு வீட்டு நோட்டுகளும் தனித்தனி. இரண்டு வீட்டுக்கும் வந்த திருடர்கள் வேறு. ஆகவே விரல்நுனிகளும் வேறு. குரங்கின் காவல் நம்முடையதைவிட உயர்ந்தது என்று சொல்வதற்கில்லை. நம் காவல் எச்.ஐ.வி.யைக் கண்டதே நேற்றைக்குத்தான்.

நம் டிரிம்5 எந்தத் திருடனுக்காகத் தயாரானது? 2007-இல் மாலிக்கும் எமர்மனும் கைசரும் ஒரு பதில் சொன்னார்கள். சிம்பன்சி, கொரில்லா நோட்டுகளில் பிடிஇஆர்வி1 என்ற ரெட்ரோவைரஸின் பக்கங்கள் நிறைய உண்டு. 30, 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பரவியது. மனித நோட்டில் அது ஒன்றுகூட இல்லை. அவர்கள் அந்த வைரஸின் டப்பாப் பகுதியை மீட்டுருவாக்கிச் சோதித்தபோது, மனித டிரிம்5 அதைத் தடுத்தது, எச்.ஐ.வி.யைத் தடுக்கும்படி மாற்றினால் இதைத் தடுக்கும் திறன் போனது. கேட்க அழகான கதை. 2008-இலேயே நியூயார்க்கில் பீனியாஸ் குழு அதே டப்பாவைத் தாங்களும் முழுமையாக உருவாக்கிப் பார்த்துவிட்டு, மனித டிரிம்5 அதைத் தடுக்கவில்லை என்றது. எனக்கு இந்த இரண்டாவது முடிவில்தான் சுவாரஸ்யம் அதிகம். ஏனென்றால் சிம்பன்சி நோட்டில் தைக்கப்பட்டிருந்த அந்தப் பழைய பக்கங்களிலேயே அவர்கள் வேறொரு தடயத்தைக் கண்டார்கள். டி.என்.ஏ. எழுத்துகளில் ஜி இருக்க வேண்டிய இடங்களில் ஏ மண்டிக் கிடந்தது. அப்போபெக்3 கைவைத்தால் விழும் பிழை அது.