அலையாத்திக் காடும் வன உரிமையும்: சித்தேரி அடிவாரத்திலிருந்து ஒரு கேள்வி

சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தடுப்பதாகக் கூறி நுழைந்த வனத்துறையினரும் காவல், வருவாய்த் துறையினரும் மலையாளிப் பழங்குடியினர்மீது நிகழ்த்திய கொடுமையை நாம் அறிவோம். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே எனத் தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தனர். காட்டைக் காப்பதாகச் சொல்பவர் யார், யாரிடமிருந்து காக்கிறார் என்னும் கேள்வியை அவ்வழக்கு நம்மிடம் விட்டுச் சென்றது. இன்று அதைக் கடற்கரையிலும் கேட்க வேண்டியுள்ளது.

அலையாத்திக் காடுகள் காலநிலை மாற்றத்திற்கான இயற்கைத் தீர்வாக முன்வைக்கப்படுகின்றன. அறிவியல் காரணம் வலுவானதே. நீர் தேங்கிய சேற்றில் உயிர்வளி குறைவு. உதிரும் இலையும் மடியும் வேரும் மெல்லவே மட்குகின்றன. கரிமம் நூற்றாண்டுக் கணக்கில் மண்ணிலேயே தங்குகிறது. 2023இல் ஒன்றிய அரசு 'மிஷ்டி' என்னும் அலையாத்தி வளர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

ஆனால் பிச்சாவரம் கற்பிப்பது வேறொரு பாடம். அங்கே காடு அழிந்ததற்கு விறகு வெட்டியோரும் ஆடுமாடு மேய்த்தோருமே காரணம் என நெடுங்காலம் பழி சுமத்தப்பட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு முதன்மைக் காரணத்தை வேறிடத்தில் கண்டது: அரசு நிர்வாகமே பகுதி பகுதியாக மரங்களை மொட்டையடித்து வெட்டிய முறை. வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. ஓதநீர் புகுந்து வெளியேற வழியின்றித் தேங்கியது. உப்பு ஏறி மண் மலடானது. வாய்க்கால்கள் வெட்டி நீரோட்டத்தை மீட்டபின் கன்றுகள் தழைத்தன. அப்பணியில் கிராம மக்களும் பங்கேற்றனர். (பழி சுமந்தவர்களிடம் எவரும் மன்னிப்புக் கேட்டதாக நாம் கேள்விப்படவில்லை.)

பிச்சாவரத்து இருளர்கள் சேற்றுநீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். நடவுக்காக வேலியிட்டால் அவர்களது பிழைப்பே வேலிக்குள் போய்விடும். வன உரிமைச் சட்டம், 2006 மலைக்காட்டுக்கு மட்டுமானதன்று. காப்புக்காடாக உள்ள அலையாத்திக்கும் அது பொருந்தும். நீர்நிலைகளில் மீன் பிடிக்கும் உரிமையைப் பிரிவு 3(1)(ஈ) ஏற்கிறது. உரிமைகளை முடிவுசெய்யும் நடைமுறை கிராம சபையில் தொடங்க வேண்டும் என்கிறது பிரிவு 6.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அக்காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் போதும். அதே சேற்றில் இறங்கும் தலித் மக்களோ, 'பிற மரபுவழி வனவாசிகள்' என்ற வகையில், 75 ஆண்டுக்காலச் சார்பை நிறுவ வேண்டும். பட்டாவும் ஆவணமும் மறுக்கப்பட்டவர்களிடம் இத்தகைய சான்றைக் கேட்பது அநீதி. எனினும் மூத்தோர் கூற்றை எழுத்தில் பதிந்தால் அதுவும் சான்றே என்கிறது விதி 13. அதனுடன் இன்னொரு சான்றேனும் வேண்டும். கன்று நடும் அறிவிப்பு வருமுன்பே அக்கூற்றுகளைப் பதிவுசெய்து கிராம சபையில் கோரிக்கை மனுவுடன் சேர்த்துவிட வேண்டும்.